கை நீட்டினார், தண்ணீர் வழங்கப்பட்டது

தனிமைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வருகிறவர் கட்டாயம் துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு வரவேண்டும் என்பது ஒன்றாதல் இல்லத்தின் நான்காவது விதி. துணைக்கு ஆள் இருக்கிறவருக்குத் தனிமை எங்கிருந்து வந்தது என்று அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டேன். கேள்வி கேட்பதற்குத் தனிப் படிவம் இருக்கிறது என்றார்கள்.

அந்த நான்காவது விதியின் புண்ணியத்தில்தான் ஓன்னி லாம்பி ஒரு மார்ச் மாதக் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். இருபத்தாறு வருடமாக அடுத்தடுத்த வீடு. இதற்கு முன் இரண்டு முறை தட்டியிருக்கிறார். ஒரு முறை ஏணி கேட்க, இன்னொரு முறை ஏணியைத் திருப்பிக் கொடுக்க. கொலம்பியா நதி கடலில் விழுகிற இடத்தில், ஓரிகன் பக்கத்துக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் தாத்தாக்கள் சால்மன் பிடிப்பதற்காக பின்லாந்திலிருந்து வந்தவர்கள். மீன் இப்போதுதான் குறைந்தது, பேச்சு முதலிலிருந்தே குறைவு.

ஓன்னிக்கு எழுபத்து மூன்று வயது. விரிகுடாவின் மேல் இருக்கிற தூக்குப் பாலத்தை, படகு வந்தால் தூக்குவதும் போனால் இறக்குவதுமாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். பாலத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் அவர் ஒருவர். வேலையில் தனியாக இருந்த மனிதர் வீட்டில் அப்படி இருக்கவில்லை, மனைவி சைமி இருந்தாள். அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டு சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையிலிருந்து புகை வரும். அவள் இறந்த வாரத்திலிருந்து அது வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கேட்பது அடுத்தவர் வீட்டு சன்னலில் எட்டிப்பார்ப்பது மாதிரி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது.

"ஒரு ஆள் வேணுமாம்," என்றார். "காளான் மருந்து குடிச்ச அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது. வந்து கூட்டிட்டுப் போக ஒரு ஆள் பேர எழுதணும். எனக்கு யார் பேரும் தோணல, எஸ்கோ. அப்புறம் உங்கிட்ட ஏணி இருக்கிறது ஞாபகம் வந்துச்சு."

உள்ளே அழைத்துக் காபி போட்டேன். சாப்பாடு இறங்கவில்லை, இப்படியே போனால் இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாத்திரைகள் மூன்று மாற்றியும் பயனில்லை. அதனால் மனத்துயருக்குப் போதைக் காளான் கொடுத்து வைத்தியம் பார்க்க அரசு உரிமத்தோடு ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒன்றாதல் இல்லத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பழைய மீன் கிடங்கு. ஒரு காலத்தில் மீனை உறைய வைத்த கட்டடத்தில் இப்போது மனிதர்களை உருக வைக்கிறார்கள்.

ஓன்னி மூக்குக்கண்ணாடியை மறந்து வந்திருந்தார். எனவே படிவத்தை நான் படித்து, நானே எழுதினேன். 'அழைத்துச் செல்பவர் என்ன உறவு' என்ற கட்டத்தில் மனைவி, பிள்ளை, உடன்பிறப்பு, நண்பர், மற்றவை என்று இருந்தது. நண்பர் என்ற இடத்தில் பேனா நின்றது. இரண்டு பேரும் சன்னல் வழியாக மழையைப் பார்த்தோம். கடைசியில் 'மற்றவை'யில் குறியிட்டு, விளக்கம் என்ற இடத்தில் 'நடுவில் ஒரே வேலி' என்று எழுதினேன்.

அடுத்த கட்டம், 'இந்தப் பயணத்தில் உங்கள் நோக்கம் என்ன?' ஓன்னி காபிக் கோப்பையை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"எழுதிக்க," என்றார். "கடைசி நாள் ஆஸ்பத்திரியில சைமி கை நீட்டினா. நான் தண்ணி டம்ளர எடுத்துக் குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டா, குடிக்கல. அவ கேட்டது தண்ணியான்னு தெரியணும்."

அப்படியே எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தேன். ஏதாவது சொல்லவேண்டும் என்று தெரிந்தது. காபி ஆறிப்போகும் என்று சொன்னேன்.

மூன்றாம் பக்கம் தொடுகைச் சம்மதப் படிவம். மருந்து வேலை செய்யும்போது ஆறுதலுக்காக உங்களைத் தொடலாமா, தொடலாம் என்றால் எங்கே என்று இருபத்திரண்டு இடங்கள் அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"நெத்தி?"

"வேண்டாம்."

"தோள்?"

"எதுக்கு?"

"வலது கை, மணிக்கட்டு வரைக்கும்?"

"நான் என்ன கொழந்தையா?"

இருபத்திரண்டுக்கும் 'வேண்டாம்' போட்டேன். என் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். எங்கள் ஆட்கள் சவுனாவில் பிறந்த மேனியாக முழங்காலுக்கு முழங்கால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு விரல் மேலே படாது. என் அப்பா என் முதுகில் தட்டியது வாழ்க்கையில் ஒரே முறை. அதுவும் அங்கே ஒரு குளவி உட்கார்ந்திருந்தது.

படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. மருந்து உட்கொண்ட பின் 'வேண்டும்' என்பதை 'வேண்டாம்' என்று மாற்றிக்கொள்ளலாம், 'வேண்டாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்ற இயலாது. தடித்த எழுத்தாயிற்றே என்று இரண்டு முறை படித்துக் காட்டினேன். அதான் சரி என்றார் ஓன்னி.

குறித்த நாளில் காலை ஒன்பதரை மணிக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டுத் திரும்ப முடியாது. அழைத்துச் செல்பவர் கூடத்திலேயே காத்திருக்க வேண்டும் என்பது ஐந்தாவது விதி. கூடத்துச் சுவரில் 'இங்கே யாரும் தனியாக இல்லை' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

இயக்குநர் கார்வின் ஸ்டோக்ஸ் வெறுங்காலோடு வந்து வரவேற்றார். தோளில் கம்பளிப் போர்வை, இடுப்பில் சாவிக்கொத்து. முன்பு ஏதோ ஒரு விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகள் பிரிவுக்கு மேலாளராக இருந்தவராம். எல்லாரையும் நண்பரே என்றுதான் கூப்பிடுவார், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

"நண்பரே, மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவுல நிக்கிற சுவர இடிக்கிறதுதான் எங்க வேலை," என்றார் கண்களை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்ததும் என் காலைப் பார்த்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும்படி சொன்னார்.

சடங்கு ஆரம்பமாயிற்று. முதலில் பதினோரு பக்க எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்தார்கள். பிறகு காளானுக்கு நன்றி சொன்னார்கள். பிறகு அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கு நன்றி சொன்னார்கள். அடுத்து காப்பீட்டு நிறுவனத்துக்கும், அதே குரலில், நன்றி சொன்னார்கள். ஒரு அம்மாள் மூன்று முறை மணி அடிக்க, ஓன்னியின் கையில் ஒரு கோப்பைக் கஷாயத்தைக் கொடுத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். படுக்கவைத்துக் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டினார்கள். தீயணைப்பு விதிப்படி அறைக் கதவு ஒரு சாண் திறந்தே இருந்தது. கூடத்து நாற்காலியிலிருந்து எனக்கு அவர் பாதங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழித்துணையாளரும் தெரிந்தார்கள்.

வழித்துணையாளர் என்பது அங்கே பதவியின் பெயர். அவள் டெல்ஃபின், முப்பது வயதிருக்கும். முன்பு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள் என்று காத்திருந்த நேரத்தில் சொல்லியிருந்தாள். அங்கே பாதி வேலை கிழவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானாம். இங்கே உரிமம் வாங்குவதற்கு அந்தப் பழக்கத்தை மறக்க ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள்.

இரண்டு மணி நேரம் சங்கீதம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் ஓன்னியின் குரல் வந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் கேட்காத குரல்.

"யாராவது இருக்கீங்களா? கையக் கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா?"

வலது கை படுக்கையிலிருந்து எழுந்து, அந்தரத்தில் நீண்டு நின்றது. டெல்ஃபின் கையும் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்று, திரும்பிப் போய்ப் படிவத்தை எடுத்தது. அவளுடைய கையேட்டில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். தொடுகைச் சம்மதம் இல்லாதவர் கை நீட்டினால் தண்ணீர் வழங்கலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

ஓன்னி டம்ளரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு குடிக்காமல் பக்கத்து மேசையில் வைத்தார். மறுபடியும் கை நீட்டினார். மறுபடியும் தண்ணீர். ஒரு மணிக்குள் மேசையில் ஆறு டம்ளர்கள் வரிசையாக நின்றன, ஒன்றிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை. டெல்ஃபின் எழுந்து கதவருகே வந்தாள். வழித்துணையாளர் அறையை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. எனவே ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிலைப்படியில் நின்றுகொண்டு இயக்குநரை அழைத்தாள்.

அவசரக் கூட்டம் கூடத்திலேயே நடந்தது, என் நாற்காலிக்குப் பக்கத்தில். விதிமுறை அலுவலர் திருமதி ஹோலிஸ் தொலைபேசியில் கலந்துகொண்டார். அந்த அம்மாள் ஓன்னியைப் பார்த்ததில்லை, எந்த நோயாளியையும் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதற்காகத் தூரத்தில் வைத்திருக்கிறார்களாம்.

"அவர் கேக்குறார், மேடம். தெளிவாக் கேக்குறார்," என்றாள் டெல்ஃபின்.

"அதுதானேம்மா சிக்கல்," என்றது தொலைபேசி. "காலையில வேண்டாம்னவர் இப்ப வேணும்ங்கிறார்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். மருந்து வேலை செய்யும்போது கேக்குறது செல்லாது. மருந்து வேலை செய்யலைன்னா அவர் கேக்கவே மாட்டார்."

அப்படியென்றால் யாருக்கு எப்போதுதான் செல்லும் என்று நான் கேட்டேன். மாலை நாலு மணிக்குத் தெளிந்தபின் புதுச் சம்மதம் வாங்கலாம், வாங்கியபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரி நாலு மணிக்கு வரச் சொன்னார்.

அதற்குள் மாற்று ஏற்பாடுகள் பரிசீலிக்கப்பட்டன. கனமான தலையணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், ஓன்னி அதை மரியாதையாகக் கீழே வைத்தார். கையைப் பிடித்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும்படி அவரிடம் சொல்லலாமா என்று இயக்குநர் கேட்டார். கற்பனைத் தொடுகைக்குப் படிவத்தில் இடம் இல்லை என்று தொலைபேசி மறுத்தது. கடைசியில் இயக்குநருக்கே ஒரு யோசனை உதித்தது. அவரும் டெல்ஃபினும் ஓன்னியின் எதிரில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் காட்டுவது. அதைப் பார்த்து அவர் மனம் நிறையும். ஊழியர்கள் ஒருவரையொருவர் தொட வேறு படிவம். அதை நிரப்ப இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு இரண்டு பேரும் படுக்கைக்கு முன்னால் நின்று மூன்று நிமிடம் கை பிடித்துக்கொண்டார்கள். ஓன்னியின் கண்ணில் பட்டை கட்டியிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எழுந்து மஞ்சள் கோட்டருகே போனேன். நான் உரிமம் வாங்கியவன் இல்லை, எனக்கு உங்கள் படிவம் கிடையாது, என்னை உள்ளே விடுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போதே, விட்டால் என்ன செய்வேன் என்று பயமாகவும் இருந்தது.

இயக்குநர் என் முன்னால் கைகூப்பினார்.

"நண்பரே, உங்க அன்பு புரியுது. ஆனா நீங்க பெற்றுக்கொள்பவர். நாங்க ஒப்படைக்கிற வரைக்கும் அவர் உங்களுக்கு உரியவர் இல்ல. என் பழைய வேலையிலயும் இதேதான். பெட்டி கண்ணுக்கு முன்னால சுத்திக்கிட்டு இருக்கும், சீட்டு இல்லாம யாரும் தொடக் கூடாது."

நான் மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெல்ஃபின் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் அது எங்கே போகுமோ என்று பயந்திருக்க வேண்டும். ஓன்னியின் கை மூன்று மணி வரை திரும்பத் திரும்ப மேலே எழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போர்வைக்குள் போய்விட்டது.

நாலு மணிக்கு அவரை எழுப்பி உட்காரவைத்துத் தெளிவுப் பரிசோதனை செய்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். கோட்டின் மேல் நேராக நடந்தார். தேதியும் கிழமையும் சொன்னார். புதிய தொடுகைச் சம்மதப் படிவத்தை நீட்டி, பேனாவைக் கொடுத்தார்கள். இயக்குநர், டெல்ஃபின், மணி அடித்த அம்மாள், கணக்கர், நான், எல்லாரும் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்த்தோம். டெல்ஃபின் கையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

இந்தமுறை கண்ணாடி கொண்டுவந்திருந்தார். ஓன்னி வரிவரியாக வாசித்தார். 'வலது கை, மணிக்கட்டு வரை' என்ற வரியில் பேனா நின்றது. நான் பார்த்தேன், நன்றாகவே நின்றது. பிறகு அவர் தலையைத் தூக்கி எங்கள் ஐந்து பேர் முகத்தையும் பார்த்தார். காது சிவந்தது. கடகடவென்று இருபத்திரண்டு 'வேண்டாம்' போட்டுக் கையெழுத்து இட்டுக் கொடுத்துவிட்டார்.

இயக்குநர் படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டப்படி அவர் அணைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

"பாத்தீங்களா?" என்றார் குரல் தழுதழுக்க. "தெளிஞ்ச மனசு என்ன சொல்லுதுன்னு பாத்தீங்களா? இன்னிக்கு நாம பலவீனப்பட்டு அந்தக் கையப் பிடிச்சிருந்தா எவ்வளவு பெரிய துரோகம் ஆகியிருக்கும். பிடிக்காம இருந்தோமே, அதுதான் நண்பர்களே உண்மையான தொடுதல்."

கணக்கர் கைதட்டினார். அடுத்து திருப்திப் படிவம். 'உங்கள் நோக்கம் நிறைவேறியதா?' என்ற கேள்விக்கு ஓன்னி யோசிக்கவே இல்லை. 'ஆம்' என்று குறியிட்டார். இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாத அறிக்கையில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்டார். ஓன்னி தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

புறப்படும் முன் அன்றைய பதிவேட்டின் நகலையும் ஒரு ரசீதையும் என் முன்னால் வைத்தார்கள். பதிவேட்டில் பன்னிரண்டு மணியிலிருந்து ஒரே வரி பதினேழு முறை வந்தது. கை நீட்டினார், தண்ணீர் வழங்கப்பட்டது. ரசீதில், ஒரு நபர், சேதமின்றி, முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எங்களை வழியனுப்ப டெல்ஃபின் கதவு வரை வந்தாள். கைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தாள்.

வண்டியில் ஓன்னி வலது கையை முழங்கால் மேல் வைத்திருந்தார், உள்ளங்கை மேலே பார்த்தபடி. நான் அதைப் பார்த்தேன், உடனே சாலையைப் பார்த்தேன். நாற்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும் என்பது விதி. அன்றைக்கு மதியம் முழுக்க விதிகளைத் திட்டிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு விதியை இறுகப் பிடித்துக்கொண்டு நாலு மைல் ஓட்டினேன்.

விரிகுடாவுக்கு வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. குறுக்குக் கட்டை இறங்கியது. எங்கள் முன்னால் பாலம் மெதுவாகத் தூக்கிக்கொண்டது. நண்டுப் படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓன்னி பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் தூக்கிட்டான். படகு இன்னும் மிதவையே தாண்டல," என்றார். "பத்து நிமிஷம் ஆகும்."

வண்டியை நிறுத்தினேன். எஞ்சினையும் அணைத்தேன். கண்ணாடியில் மழை விழுந்தது. ஸ்டியரிங்கில் என் இரண்டு கைகளுக்கும் இனி ஒரு வேலையும் இல்லை.

"அவ கேட்டது தண்ணி இல்ல, எஸ்கோ," என்றார் ஓன்னி. பாலத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "கை நீட்டி, அதுல தண்ணி வந்தாத்தான் தெரியுது. வாங்கி வச்சுக்கிட்டா பாரு. எனக்கு சங்கடமாயிடும்னு வாங்கி வச்சுக்கிட்டா."

இந்தமுறை சொல்லிச் சமாளிக்கக் காபியும் இல்லை. வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன். அது எங்கே போகவேண்டும் என்று அதற்குச் சரியாகத் தெரியாமல் முதலில் கியர் மேல் இடித்தது. பிறகு அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று, எலும்பும் தோலுமாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

படகைப் பார்த்தபடியே ஓன்னி, "நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கேன்," என்றார்.

"தெரியும்," என்றேன். "நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்."

அவர் விரல்கள் என் விரல்களை இறுக்கின. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் அழுதார், எங்கள் ஆட்கள் அழுகிற மாதிரி. படகு மிதவையைத் தாண்டியது, பாலத்தின் அடியில் போயிற்று, அந்தப் பக்கம் மறைந்தது. பாலம் இறங்கிப் பொருந்தியது. கட்டை மேலே போனது, விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, வெளியூர்க்காரனாக இருக்கும். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.